கறுப்பு ஏரியில் ஜனவரி எண்ணிக்கை

எங்கள் ஊரில் தெருக்களுக்குப் பெயரில்லை.
ஏழாம் பகுதி, இருபத்திரண்டாம் கட்டடம்,
வீடு நாற்பத்தொன்று என்றால்
தபால்காரி வந்துவிடுவாள்.
அக்தாவில் குடிக்கிற தண்ணீர்கூட
கடலைக் காய்ச்சி எடுத்ததுதான்.
காய்ச்சிய இடத்தின் மிச்சச் சூடு
வாய்க்கால் வழி வந்து விழுகிற ஏரிக்குக்
கராக்கோல் என்று பேர். கறுப்பு ஏரி.
அங்கேதான் வந்து இறங்குகின்றன
அத்தனை வெள்ளையும்.

காஸ்பியன் ஓரமெல்லாம் உறைந்த காலை
பஸ்ஸில் போய் இறங்கி
தொலைநோக்கியை வேலிக்கம்பியில் சாய்க்கிறேன்.
கண்ணாடியில் மூச்சுப் படிகிறது.
துடைக்கிறேன். படிகிறது.
"தேநீர்?" என்றால்
"எண்ணி முடித்த பிறகு" என்கிறான் பெர்திபெக்.

நாமக்கோழிகள் கொட்டிவிட்ட மிளகு.
நூறு நூறாக விரலால் அளந்து
மூவாயிரம் என்று போடுகிறோம்.
முக்குளிப்பானுக்கு எண் சொல்ல வாயெடுத்தால்
எண்ணோடு சேர்த்து முங்கிவிடுகிறது.
அன்னம் மட்டும் ஒவ்வொன்றாக.
தலையை நீருக்குள் விட்டு
வாலை வானுக்குக் காட்டுபவற்றை
பாதியாக எழுதுவதா முழுதாகவா என்று
போன வருடம் எங்களுக்குள் சண்டை.

எனக்கு முன்னூற்றுப் பதினேழு.
அவனுக்கு முன்னூற்றுப் பதினாறு.

அந்த ஒன்று
நாணலோரம், தனியாக, அசையாமல்.
"பிளாஸ்டிக் பை."
"தூங்குகிறது."
காற்று வந்தது. அது உப்பியது.
பையும் உப்பும், அன்னமும் உப்பும்.

இந்தப் பக்கம் ஒன்றின் கழுத்தில் மஞ்சள் வளையம்.
நான்கு எழுத்து.
மூன்றைப் படித்துவிட்டேன்,
நான்காவதன் மேல் இறகைக் கோதிப் போட்டுக்கொண்டது.
வடக்கே யாரோ பிடித்து
முகவரி கட்டி விட்டிருக்கிறார்கள்,
எங்கள் ஊர் முகவரி மாதிரியே
யார் என்று சொல்லாத முகவரி.

மூன்று பெண்களுக்குப் பின் பிறந்தவள் நான்.
உல்போசின் என்று பேர் வைத்தார்கள்.
'மகனாகட்டும்' என்று அர்த்தம்.
என்னைக் கூப்பிட்ட போதெல்லாம்
எனக்குப் பின்னால் வரப்போகிறவனைக் கூப்பிட்டார்கள்.
அவன் வரவில்லை.
சந்தேகமான ஒன்றை
பட்டியலிலிருந்து அடிக்க
எனக்குக் கை வராது.

பதினேழு என்றே எழுதினேன்.
ஓரத்தில் ஒரு கேள்விக்குறி போட்டு
அவனும் கையெழுத்திட்டான்.

கடைசி பஸ் திரும்பும்போது
நாணலோரம் வெள்ளையாக ஏதோ கிளம்பியது.
அதற்குள் நீராவி வந்து மூடிக்கொண்டது.
"பார்த்தாயா?" என்றேன்.
"பைகூடப் பறக்கும்" என்றான் பெர்திபெக்,
தெர்மாஸைத் திறந்து
முதல் மூடித் தேநீரை
என்னிடம் நீட்டியபடி.