ஒண்டுக்குடித்தனம்

கடிதம் செவ்வாய்க்கிழமை வந்தது.
பதினைந்து வேலை நாட்களுக்குள்
உங்கள் கட்டடத்தில் எத்தனை விண்டோஸ் குடியிருக்கின்றன
என்று எழுதித் தரவும்.
கார்மெலா அதை என் மேசையில் வைத்து
பறக்காமலிருக்க
மேலே ஒரு டோனட்டையும் வைத்துப் போனாள்.

பிராம்ப்டனில், ரயில் பாதைக்கு அந்தப்புறம்,
பட்டாணியும் மீனும் உறையவைத்து அடுக்கும் கிடங்கு எங்களுடையது.
சரக்கறையில் மைனஸ் இருபது.
சர்வர் அறையில் மட்டும் வேர்க்கும்.
அங்கே இரண்டு இரும்புப் பெட்டிகள்.
எட்டிப் பார்த்தால் உள்ளே பதினோரு கம்ப்யூட்டர்கள்,
உடம்பில்லாமல்,
இருக்கிற மூளையைப் பங்கு போட்டு,
ஒரே மின்விசிறிக் காற்றை வாங்கிக்கொண்டு.
ஒவ்வொன்றுக்கும் நினைப்பு
தான் இருப்பது தனிவீடு என்று.

எனக்கு முன்பிருந்த ரெஜினால்ட்
எல்லாவற்றுக்கும் ஏரிகளின் பெயர் வைத்திருந்தான்.
சிம்கோ சம்பளம் போடும்.
மஸ்கோகா லாரிகளை எண்ணும்.
நிபிசிங் என்ன செய்கிறதென்று
யாருக்கும் தெரியவில்லை.
அவன் சட்பரியில் மீன் பிடிக்கிறான்,
போனை எடுப்பதில்லை.

விதிகளை இரவெல்லாம் படித்தேன்.
பெட்டியின் கோர் அத்தனைக்கும் காசு கட்டினால்
ஓர் உரிமத்தில் இரண்டு குடி வைக்கலாம்.
மூன்றாவது வந்தால்
கோர் அத்தனைக்கும் மறுபடி முதலிலிருந்து.
மூன்று பேருக்கு நான்கு பேர் வாடகை.
பழுது பார்க்க ஒரு பெட்டியை நிறுத்தினால்
குடிகள் மற்றதற்குத் தாவிவிடும்,
பாதிக் கணக்குகூடக் கலையாமல்.
உரிமம் தாவாது.
ஒருமுறை இடம் மாற்றினால்
தொண்ணூறு நாள் அது அங்கேயே கிடக்க வேண்டும்.

அந்த வரியை மட்டும் இரண்டு தடவை படித்தேன்.
என் பாஸ்போர்ட்டுக்குள் மடித்திருக்கும் தாளிலும்
ஒரு முதலாளியின் பெயர்தான்.
வேறு வாசலில் அது வெறும் காகிதம்.

ரெஜினால்ட் வாங்கியது பெட்டிக்கு ஒன்றாக இரண்டு உரிமம்.
நான்கு சீட்டு, பதினோரு பயணிகள்.
தொகையைச் சொன்னதும்
கார்மெலா ஜன்னலைப் பார்த்தாள்.
நான்கு என்றே எழுதேன்,
யார் வந்து எண்ணப் போகிறார்கள் என்றாள்.
பிறகு, வேண்டாம் என்றாள்.
பிறகு, எதையாவது அணைக்க முடியுமா பார்.

நிபிசிங்கைத் திறந்து பார்த்தேன்.
தினமும் அதிகாலை இரண்டு மணிக்கு
மூன்றாம் குளிரறையின் வெப்பநிலையை எழுதி,
எல்லாம் சரி என்று கீழே ஒரு வரி சேர்த்து,
நாங்கள் எப்போதோ தூக்கிப்போட்ட
ஒரு பிரிண்டருக்கு அனுப்பிக்கொண்டிருந்தது.
இரண்டாயிரத்துச் சொச்சம் பக்கங்கள்
வரிசையில் நின்றன.
திரையின் வலது மூலையில் மங்கலாக,
நீ இன்னும் பதிவாகவில்லை என்னும் எழுத்துகள்.
மூன்றாம் குளிரறையை இடித்தே நான்கு வருடமாகிறது.
எந்த வெப்பநிலையை எழுதியது என்று
நான் பார்க்கவில்லை.

நிஜமாகவே அணைக்கவா என்று கேட்டது.
ஆம்.
மின்விசிறியின் சத்தத்தில்
ஒரு மாற்றமும் இல்லை.
தாளில் பத்து என்று எழுதினேன்.

அந்த வாரமே நகராட்சியிலிருந்து
தில்லான் அம்மாவுக்கும் ஒரு கடிதம்.
பேஸ்மென்ட்டில் குடி வைத்திருந்தால் பதிவு செய்யவும்.
யாராவது கேட்டால்
என் தங்கை மகன் என்று சொல் என்றார்.
நெடுஞ்செழியன் என்ற பெயரில்
உங்கள் தங்கைக்கு எப்படி ஒரு மகன் என்று கேட்டேன்.
இருவரும் சிரித்தோம்.
நான் கொஞ்சம் முன்னதாக நிறுத்திவிட்டேன்.

சனிக்கிழமை வாசல் மணி அடித்தபோது
குளித்துக்கொண்டிருந்தேன்.
மேலே பூட்ஸ் சத்தம்.
இந்த வீட்டில் நானும் அவரும் மட்டும்தான் என்று
தில்லான் அம்மா யாருக்கோ சொல்வது
சூடாக்கும் குழாய் வழியே தெளிவாகக் கேட்டது.

தண்ணீரை மூடினேன்.
தலையெல்லாம் சோப்பு.
கண் எரிய எரிய நின்றேன்,
அவர்கள் எண்ணி முடிக்கும்வரை.