ஏழாம் வரிசை, பர்கா

கன்டெய்னரில் வந்த நானூறு தொட்டிகளில்
ஒன்றுக்கு மட்டும் சீட்டு இல்லை.
சிஸ்டத்தில் ஏற்ற ஒரு பெயர் வேண்டும் என்றார் ஈப்பன் சார்.
பெயர் இல்லாததற்கு விலை இல்லை,
விலை இல்லாததற்குத் தண்ணீர்க் கணக்கு இல்லை.

இலை மும்மூன்றாக. நடு இலை பெரிது.
நரம்பெல்லாம் மஞ்சள்,
ஆறு வரையப் பழகிய ஒரு பிள்ளை
மஞ்சள் பென்சிலைக் கீழே வைக்கவே இல்லாததுபோல்.
இரும்புச்சத்துக் குறைவு, என்றார்.
இந்த ஊர்த் தண்ணீருக்கு எதுவும் வெளுக்கும்.
செந்தூளைக் கரைத்து மூன்று வியாழன் ஊற்றினேன்.
என் விரல் சிவந்ததுதான் மிச்சம்.

எட்டாம் வரிசை எலுமிச்சையைப் போய்ப் பார்த்தேன்.
அதில் நரம்பு பச்சை, இடைவெளி மஞ்சள்:
அது குறை.
இதில் நரம்பு மஞ்சள், ஓரம் பச்சை.
இது குணம், சார்.
அவர் போனில் இருந்தார்.

ஜூலையில் ஒரு கிளை முழுப் பச்சையாகக் கிளம்பியது.
கோடு கிடையாது, மற்றவற்றைவிட ஒரு முழம் உயரம்.
விட்டால் மரம் மொத்தமும் அதன் பக்கம் சாய்ந்துவிடும்.
வெட்டினேன்.
அன்றிரவு சோறு இறங்கவில்லை என்று எழுத ஆசைதான்.
இறங்கியது. நல்ல பசி.

டிசம்பரில், ஒரே வாரத்தில்,
எல்லா இலையையும் கொட்டிவிட்டு நின்றது.
குச்சி. கறுத்த முள்.
இங்கே மரம் இலையை விட்டால்
ஒன்று குழாய் அடைப்பு, இல்லை என் பிழை.
சொட்டுக்குழாயைக் கழற்றினேன்: சொட்டுகிறது.
நகத்தால் பட்டையைச் சுரண்டினேன்:
உள்ளே ஈரப் பச்சை.
செத்தது, பன்னிரண்டு ரியால் நட்டம், என்று எழுதச் சொன்னார்.
தூங்குகிறது என்று தமிழில் எழுதி வைத்தேன்.

உரவண்டி தள்ளி வந்த மொஃபிசுல்
முள்ளைத் தொட்டுவிட்டுச் சிரித்தான்: மாதார்!
நேத்ரகோனாவில் மாட்டுக்கு வேலி.
ஈப்பன் சார் கண்ணாடியை ஏற்றினார்: முருக்கு?
மிளகுக்கொடி ஏற்றுகிற முருக்கா?
என் நாவில் முதல் நாளே கல்யாண முருங்கை இருந்தது,
மஞ்சள் பூசியதைக் கண்டதில்லை என்பதால்
பூக்கட்டும் என்று அடக்கி வைத்திருந்தேன்.

பிப்ரவரி கடைசியில்
இலையில்லாத நுனியில் சிவப்பு,
வளைந்த நகம் நகமாக.
எங்கிருந்தோ ஒரு தேன்சிட்டு,
சீட்டெல்லாம் அதற்கு எதற்கு.

ரையா டீச்சர் வீட்டு முற்றத்துக்கு வாங்கிப் போனார்.
கோடைக்கு நிழல், குளிருக்கு வெயில், என்றேன்.
பெயர் கேட்டார். மூன்று சொன்னேன்.
சிஸ்டத்தில் ஒரு வரிக்குத்தான் இடம்.
முள் உண்டு, கவனம், என்று அடித்தேன்,
பில் வந்துவிட்டது.

அந்தப் பச்சைக் கிளையா?
எங்கள் அறைக்குப் பின்னால்
ஏ.சி. தண்ணீர் சொட்டும் மணலில் ஊன்றியிருந்தேன்.
தகரக் கூரையைத் தாண்டிவிட்டது.
சளி பிடித்தால் நாலு இலை பறித்து
அரிசியோடு அரைத்து அடை தட்டுகிறேன்.
மொஃபிசுல் இரண்டு கேட்பான்.