மூணு மா

ஐந்தாம் கம்பியை இறக்கிக்கொண்டே போனேன்.
வழக்கமான சுருதியைத் தாண்டி
டிரான்ஸ்ஃபார்மர் முனகும் இடத்தில்
அதுவாக நின்றது.

கூத்தாநல்லூர்க் கடைத்தெருவில்
பகலெல்லாம் செல்போன்களின் வயிற்றைத் திறக்கிறவன் நான்.
ராத்திரிக்கு
ஊர்க்கடைசி வீட்டின் மாடி அறை,
கைமாறி கைமாறி வந்த எலக்ட்ரிக் கிதார்,
நானே பற்றவைத்த இரண்டு பெடல்,
மச்சான் துபாயிலிருந்து
பேரீச்சம்பழத்துக்குள் பொதிந்து அனுப்பிய இன்னொன்று.

இதில் பாட்டு இல்லை, தாளம் இல்லை.
விரல் கம்பியில் படும் சத்தம்கூடக் கேட்கக் கூடாது.
சுண்டுவிரலால் குமிழை மூடிவைத்து
மீட்டிய பிறகு மெல்லத் திறக்க வேண்டும்,
மடைப்பலகையை ஓர் அங்குலம் தூக்குவதுபோல.
வந்தது தெரியாமல் வர வேண்டும் ஒலி.
பெடல் அதைத் திருப்பி அனுப்பும்.
திரும்பியதன் மேல் இன்னொன்று,
அதன் மேல் இன்னொன்று.
எது நான் மீட்டியது, எது திரும்பி வந்தது
என்ற கணக்கு விட்டுப்போகும்போது
பத்துக்குப் பத்து அறைக்கு
சுவர் இருக்காது.

முதலில் அந்த முனகலை ஒழிக்கத்தான் பார்த்தேன்.
செப்புத் தகடு ஒட்டினேன். எர்த் இழுத்தேன்.
கிதாரைக் கிழக்கே திருப்பினால் குறைந்தது,
தெற்கே திருப்பினால் கூடியது.
கிப்லா தெரிந்த வீட்டில்
இன்னொரு திசையும் பிடிபட்டது.
பிறகு சண்டையை விட்டுவிட்டு
அதையே சுருதிப்பெட்டியாக வைத்துக்கொண்டேன்.
மின்சார வாரியத்துக்குத் தெரியாது.

ஆனி மாதம்.
மேட்டூர் திறந்து பத்து நாளாகியும்
எங்கள் வாய்க்காலில் நண்டு வளைதான் இருந்தது.
ராத்திரி இரண்டு மணிக்கு
வெளிப்படியில் டார்ச் வெளிச்சம் ஏறி வந்தது.
அஞ்சம்மாள்.
மூணு மா குத்தகை, முழங்கால் வரை சேறு.

"எம் மோட்டாருதான்
தண்ணியில்லாம ஓடுதுன்னு ஓடியாந்தேன் கலீலு.
நீதானா?"

நிலைக்கதவைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.
நான் நிறுத்தவில்லை; நிறுத்தவும் முடியாது,
நாலு அடுக்கு சுற்றிக்கொண்டிருந்தது.
தலையைச் சாய்த்துக் கேட்டவள் சொன்னாள்:
"பேரிங் போன சத்தமில்ல இது.
நல்ல மோட்டாருதான்."
இதுவரை யாரும்
இவ்வளவு சொன்னதில்லை.

அப்போதுதான் முனகல் தடித்தது.
ஒரு நூல் வடக்கயிறு ஆனதுபோல.
சுற்றுவட்டத்தில் ஒவ்வொரு மோட்டாராக விழித்துக்கொண்டது
என் கையில் தெரிந்தது.
"மும்முனை வந்துட்டுது" என்றேன்.
அதற்குள் அவள் பாதிப் படியில்.

அவளுடைய ஆட்டோ ஸ்டார்ட்டர் எரிந்து கிடந்தது,
அதனால்தான் வரப்பில் விழித்திருக்கிறாள்.
மறுநாளிலிருந்து
முனகல் தடித்ததும் ஒரு மிஸ்டு கால் கொடுத்தேன்.
அதுவரை அவள் தூங்கினாள்.
எரிந்தது ஒரு ரிலே.
அது என் கடையிலேயே இருந்தது.
ஆறாம் நாள்தான் போய் மாற்றிக் கொடுத்தேன்.
ஐந்து நாள் ஏன் தள்ளிப்போட்டேன் என்று
அவளும் கேட்கவில்லை.

யாரோ வாங்க வராத,
கண்ணாடி வெடித்த ஒரு செல்போனில்
அந்த முதல் ராத்திரி பதிவாகியிருக்கிறது.
இருபத்திரண்டு நிமிடம்.
பெயர் கேட்டது செல்போன்; 'மூணு மா' என்று போட்டேன்.
கேட்கிறவர்கள் பதினான்காம் நிமிடத்தைச் சொல்கிறார்கள்,
அங்கே எந்தப் பெடலை மிதித்தாய் என்று.
எதையும் மிதிக்கவில்லை.
அங்கே குருவைக்குக் கரண்ட் வருகிறது.
கூர்ந்து கேட்டால்
டார்ச் கைப்பிடிச் சுவரில் இடிபடும் சத்தம்,
ஒரு நாய்,
பிறகு வெறும் கால்கள்.

செருப்பு
மறுநாள் மதியம் வரை
எங்கள் வாசலில் கிடந்தது.