செல்லாத ஒன்று

பாட்மிண்டன் கோடுகளின் மேல் மேசை போட்டிருந்தார்கள்.
வலை சுருண்டு மூலையில் நின்றது.
குளோரின் வாசனை.
சுவருக்கு அப்பால் நீச்சல்குளம்
ஆளில்லாமல் விழித்துக் கிடந்தது.

விரல் நுனியில் ரப்பர் உறை,
இருபத்தைந்துக்கு ஒரு ரப்பர் பேண்ட்.
பகலில் நான் பள்ளிக்கூடச் சமையலறையில்
உருளைக்கிழங்கு உரிப்பவள்.
இந்த ஓர் இரவுக்கு மட்டும் ஜனநாயகம்,
மணிக்குப் பதினான்கு பவுண்டு, சாண்ட்விச் தனி.

ஓல்ட் ஸ்லூஸ் வார்டு.
ஒரே இடம், இரண்டே பேர்.
மோரிஸ் தர்க்கெட்டில், பத்தொன்பது வருடக் கவுன்சிலர்;
நீல ரிப்பன் கோட்டோடு பிறந்ததுபோல் இருந்தது.
பெர்னிஸ் ஆல்புரோ, சுயேச்சை,
குப்பை வண்டி மூன்று வாரத்துக்கு ஒருமுறைதான் என்றானபோது
கோபம் வந்து நின்றவள்.
மழைக்கோட்டைக் கழற்றவே இல்லை,
சீக்கிரம் தோற்றுவிட்டுப் போகலாம் என்று வந்தவளைப் போல.

நூற்றுக்கு இருபத்தொன்பது பேர்தான் ஓட்டுப் போட்டிருந்தார்கள்.
மிச்சப்பேரைக் கேட்டால்
அன்றைக்கு மழை என்பார்கள்.
மழையும் பெய்ததுதான்.

தர்க்கெட்டில் நானூற்றுப் பன்னிரண்டு.
ஆல்புரோ நானூற்றுப் பதினொன்று.
மறுபடி எண்ணினோம்.
பன்னிரண்டு. பதினொன்று.
ஒரு கட்டை நான் மூன்றாம் முறையும் எண்ணினேன்,
யாரும் சொல்லாமலே.

பிறகு சந்தேகத் தட்டைத் திரும்ப எடுத்தார்கள்.
ஒரு சீட்டில் ஒன்றுமே இல்லை.
ஒன்றில் இருவருக்கும் டிக்.
ஒன்றில் ஓர் ஆடு, நன்றாகவே வரைந்திருந்தது,
கொம்பில் நிழல்கூட இருந்தது.
இன்னொன்றில்
ஆல்புரோ பெயருக்கு நேரே அழுத்தமான பெருக்கல் குறி,
அதன் கீழே, சாய்ந்த கையெழுத்தில்:
இன்ன எண், இன்ன தெரு,
வாசலில் விளக்குக் கம்பம் நவம்பரிலிருந்து எரியவில்லை,
மூன்று தடவை எழுதிவிட்டேன், தயவுசெய்து.

தெருப் பெயரைச் சொல்லமாட்டேன்.
ரகசியம் காப்பேன் என்று கையெழுத்துப் போட்டிருக்கிறேன்.

தேர்தல் அதிகாரி ராஸ்டன்
கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு படித்தார்.
"விருப்பம் தெளிவாக இருக்கிறது.
ஆனால் ஆள் யாரென்று தெரிகிறது.
தெரிந்தால் செல்லாது."
அவர் குரலில் தப்பே இல்லை.
அந்தத் தெருவில் அந்த எண் யாருடையது என்று
மேசையைச் சுற்றி நின்ற எல்லோருக்கும் தெரியும்.
அதனால்தான் செல்லாது.

"தெருவிளக்கு நம் கவுன்சில் வேலையே இல்லை,
அது கவுண்டி பார்ப்பது," என்றார் தர்க்கெட்டில்,
யார் முகத்தையும் பார்க்காமல்.
அவர் சொன்னதும் சரிதான்.
எனக்கு அதுதான் தாங்கவில்லை.

அந்த ஒன்று செல்லியிருந்தால் சமம்.
சமமென்றால் சீட்டுக் குலுக்கியிருப்பார்கள்.

இரண்டு இருபதுக்கு முடிவு.
பதினோரு பேர் கைதட்டினார்கள்.
ஆல்புரோ அப்போதுதான் மழைக்கோட்டைக் கழற்றினாள்,
மடித்துக் கையில் போட்டுக்கொண்டு
அவரிடம் போய்க் கை கொடுத்தாள்.
சீட்டுகளைப் பையிலிட்டு முத்திரை வைத்தார்கள்.
ஒரு வருடம் இருக்கும். அப்புறம் தூள்.

வீட்டுக்குப் புறவழிச் சாலையில் போயிருக்கலாம்.
போகவில்லை.
கம்பம் இருட்டாக நின்றது.
கேட்டில் யாரோ சைக்கிளின் பின்விளக்கைக்
கயிற்றால் கட்டியிருந்தார்கள்;
சிவப்பாக, விட்டு விட்டு,
வருகிறவருக்கு இங்கேதான் என்று சொல்லிக்கொண்டிருந்தது.

திங்கட்கிழமை கவுண்டிக்குப் போன் செய்தேன்.
சாலைக்கு இரண்டு, விளக்குக்கு நான்கை அழுத்தவும்.
நெடுநேரம் பியானோ.
அப்புறம் ஒரு பையனின் குரல்:
கம்பத்தின் எண் தெரியுமா?
தெரியாது.
பக்கத்து வீட்டு எண், தெருவின் பெயர்?

அடுப்பில் உருளைக்கிழங்கு கொதித்துப் பொங்கியது.
நான் கொஞ்சம் பேசாமல் இருந்தேன்.
"லைனில் இருக்கிறீர்களா?" என்றான்.
இருந்தேன்.
பிறகு எண்ணைச் சொன்னேன்,
தெருவை எழுத்தெழுத்தாகச் சொன்னேன்.

பதிவாகிவிட்டது, என்றான்.