சுடுதண்ணீர்க் குழாய் மட்டும்

பிப்ரவரி. வடக்கு டகோட்டா.
வெளியே பூஜ்யத்துக்குக் கீழே இருபத்தாறு.
உள்ளே, சாப்பாட்டு மேசையில்
மூன்று அறிவியல் பாடத்திட்டங்கள்
தட்டு வைக்க இடம் விடாமல் உட்கார்ந்திருக்கின்றன.

முதலாவது புதுசு. பெட்டியோடு வரும்.
நுண்ணோக்கி, பியூரெட், உறைக்குள் ஊறிய தவளை
எல்லாம் சேர்த்து அறுநூற்றுத் தொண்ணூறு டாலர்.
டிராக்டர் கியர்பாக்ஸுக்குப் போன மாதம் அழுததில்
சரிபாதி.
மெர்ல் விலையைப் பார்த்தான். ஒன்றும் சொல்லவில்லை.
தொப்பியைக் கழற்றி
மறுபடி போட்டுக்கொண்டான்.

இரண்டாவது கணினியில் ஓடும்.
சிரிக்கச் சிரிக்கப் பாடம் நடத்துகிறார் ஒருவர்.
காற்று பலமாய் அடிக்கும் நாட்களில்
திறந்த வாய் திறந்தபடி
அப்படியே நின்றுவிடுகிறார்.

மூன்றாவது, லூத்தரன் தேவாலயத்தின் கீழ்த்தளத்தில்
பழைய புத்தக விற்பனையில் நான்கு டாலர்.
முன்பு வைத்திருந்தவர்கள்
ஒன்பதாம் அத்தியாயத்தை
ஸ்டேப்ளர் கம்பியால் தைத்து மூடியிருக்கிறார்கள்.
விளிம்பு நெடுகப் பதினோரு கம்பி.
பூமியின் வயது அதற்குள் இருக்கிறது.

எனக்கு வேதியியல் வராது.
பதினாறு வயதில், மைனாட் பள்ளியில்,
சமன்பாட்டின் இரண்டு பக்கமும் சமமாகாமல்
அழித்து அழித்துத் தாள் கிழிந்தது.
ஆசிரியர் அந்தக் கிழிசல் வழியே என்னைப் பார்த்தார்.
இப்போது நான்தான் ஆசிரியை.
ஸோல்வெய்க் பல்கலைக்கழகம் போவதென்றால்
ஆய்வகத்தோடு மூன்று வருட அறிவியல் வேண்டுமாம்.
ஆய்வகம் என்பது
நான் பன்றிக்கொழுப்பு உருக்கும் இதே அடுப்படி.

அட்டவணை போட்டேன்.
நிறை ஒரு பக்கம், குறை ஒரு பக்கம்.
நள்ளிரவில் மூன்றுக்கும் ஒரே மதிப்பெண்.

அப்போதுதான் ஆண்டர்ஸ்,
தாகமெடுத்து எழுந்து வந்த பன்னிரண்டு வயது,
மூக்கைச் சுளித்துக்கொண்டு கேட்டான்:
"நம்ம தண்ணி ஏன் அழுகின முட்டை மாதிரி நாறுது?
அதுவும் சுடுதண்ணிக் குழாய் மட்டும்?"

பதினெட்டு வருஷமாய்
இந்த நாற்றத்தில் குளிக்கிறேன்.
கரண்டிகள் கறுப்பதைத் திட்டியிருக்கிறேன்.
அந்த 'மட்டும்' என்பதை
ஒருநாளும் மோந்ததில்லை.

அட்டவணையைக் குப்புறப் போட்டுவிட்டு
மூன்றிடமும் அந்தக் கேள்வியைக் கேட்டேன்.
புதுப்பெட்டி: கந்தகம், பத்தாம் வகுப்பு, இரண்டாம் பருவம். அதுவரை பொறு.
சிரிப்புக்காரர்: தேடலுக்கு முடிவுகள் இல்லை.
நான்கு டாலர் புத்தகம் பதில் சொல்லவில்லை,
பயிற்சி வினா ஏழில் திருப்பிக் கேட்டது:
வெந்நீர் உன்னிடம் வருமுன்
எதற்குள் நின்றுவிட்டு வருகிறது?

டார்ச்சோடு நிலவறைக்கு இறங்கினோம்.
சத்தத்தில் எழுந்து ஸோல்வெய்க்கும் வந்துவிட்டாள்.
வெந்நீர்த் தொட்டியைச் சுற்றி
போர்வை போர்த்திய மூன்று பேர்.
கையேட்டில் படம்: தொட்டிக்குள் ஒரு மெக்னீசியத் தண்டு.
இரும்பு துருப்பிடிக்காமலிருக்கத்
தன்னைத் தின்னக் கொடுப்பது.
அதன் தயவில் பிழைக்கின்றன
கந்தகத்தில் மூச்சுவிடும் பொடி உயிர்கள்.
உயிரியலா, வேதியியலா,
ஒன்பதாவதா, பத்தாவதா,
தண்ணீருக்கே தெரியவில்லை.

மேலே போய் மெர்லை உலுக்கினேன்.
கண்ணைத் திறக்காமலே சொன்னான்:
"அந்தத் தண்டுதானே. மாத்தணும்னு
ரெண்டு வருஷமா நெனச்சிட்டிருக்கேன்."

பெட்டியை வாங்கவில்லை.
நுண்ணோக்கி மட்டும் தனியாக, பழசு, எண்பத்தைந்து டாலர்.
சரியான முடிவா என்று கேட்காதீர்கள்,
ஜூனில் தெரியும், அல்லது தெரியாது.

காலையில் இறங்கி வந்தபோது
மேசையில் வெண்ணெய்க் கத்தி.
ஒன்பதாம் அத்தியாயம் திறந்து கிடந்தது,
விளிம்பு நெடுகச் சின்னத் துளைகள்.
பக்கத்தில் இரண்டு கண்ணாடி டம்ளர்:
ஒன்றில் குளிர்ந்த குழாய்த் தண்ணீர்,
ஒன்றில் நாறுகிற தண்ணீர்.
இதில் ஐந்து கம்பி, அதில் ஐந்து கம்பி.
பதினோராவது, ஒப்பிட்டுப் பார்க்க,
காய்ந்த தட்டில் தனியாக.

ஆய்வகப் பதிவேட்டை எடுத்தேன்.
என்ன தலைப்பு போடுவதென்று தெரியவில்லை.
நேரத்தை மட்டும் எழுதினேன்:
ஆறு நாற்பது. இன்னும் விடியவில்லை.