நான்காம் பிரிவு, இரண்டாம் உட்பிரிவு

பதினோரு மணிக்கு மின்வெட்டு என்று பட்டியலில் இருந்ததால்
பத்தேகாலுக்குள் அச்செடுத்துவிட்டேன்:
பத்தொன்பது பக்கம், மூன்று படி.
படையாச்சி சார் ஒரே ஒரு காற்புள்ளியை எடுக்கச் சொன்னார்.
அதற்காக மறுபடி முதலிலிருந்து.

பீட்டர்மாரிட்ஸ்பர்க்கில், ஒரு திரைச்சீலைக் கடைக்கு மேலே
எங்கள் அலுவலகம்.
படிக்கட்டில் எப்போதும் புதுத்துணி வாசனை.
கீழே யாராவது ஜன்னலின் அளவை மறந்து வந்து
இரண்டு கையையும் விரித்துக் காட்டிக்கொண்டிருப்பார்கள்.
மேலே நாங்கள்
சொல்லக்கூடாதவற்றுக்கு அளவெடுக்கிறோம்.

இரகசியத் தகவல் என்றால்
பெயர், விலை, தேதி,
பேச்சு நடக்கிறது என்கிற சேதி,
இப்படி ஓர் ஒப்பந்தம் இருக்கிறது என்பதும்கூட.
இருபது வருஷமாக இதைத் தட்டுகிறேன்.
விரலுக்கே மனப்பாடம்.
காலி இடங்களுக்குத்தான் கண் வேண்டும்.
விற்பவர் என்ற இடத்தில்
என் தங்கை கோகிலம் வேலை செய்யும்
செருப்புத் தொழிற்சாலையின் பெயரைத் தட்டினேன்,
எழுத்துப்பிழை இல்லாமல்.

ஜோஹன்னஸ்பர்க்கிலிருந்து இரண்டு பேர் வந்திருந்தார்கள்.
ஒருவருக்குத் தேநீரில் சர்க்கரை வேண்டாம்.
மற்றவர் ஒவ்வொரு பக்கத்தின் மூலையிலும்
இரண்டெழுத்துக் கையொப்பம் போட்டபடியே
மகன் பல்லுக்குக் கம்பி கட்டிய செலவைச் சொன்னார்.
இயந்திரங்கள் போதுமாம் அவர்களுக்கு.
ஆட்கள்?
அது வேறு ஆவணம், இன்னும் வரைவில் இருக்கிறது.

முதல் சாட்சி நான். இரண்டாவது நொகுதூலா.
அவள் பெயருக்கு ஜூலுவில் அமைதியின் தாய் என்று பொருள்.
இந்த உத்தியோகத்துக்கென்றே வைத்த பெயர் என்று
அவளே சொல்லிச் சிரிப்பாள்.
இன்று சிரிக்கவில்லை.
அவள் சித்தப்பாவும் அங்கேதான், பசை அறையில்.
அதைப் பற்றி நாங்கள் பேசவில்லை.
வீணான படிகளைத் தாள் அரைக்கும் இயந்திரத்தில்
ஒவ்வொன்றாக அவள் கொடுத்தாள், நான் பை பிடித்தேன்.
பதினோரு மணிக்குக் கரண்ட் போய்
ஒரு தாள் பாதியோடு அதன் வாயில் நின்றது.
மீதியைக் கையால் கிழித்தோம்.

ஞாயிற்றுக்கிழமை ரெய்ஸ்தோர்ப்பில், கோகிலம் வீட்டில்
கோழிக் கறியும் பீன்ஸும்.
சாப்பாட்டு மேசையிலேயே தாளைப் பரப்பினாள்:
இரட்டைக் கதவு ஃப்ரிட்ஜ், முப்பத்தாறு மாதத் தவணை.
"நாளைக்குக் கையெழுத்து போடறேன்க்கா.
ஒரு தரம் படிச்சுப் பாரேன்,
பொடி எழுத்தெல்லாம் உனக்குத்தானே புரியும்."

படித்தேன்.
வட்டி. தாமதக் கட்டணம்.
வேலை போனால் காப்பீடு, அந்தக் கட்டம் காலி.
அதற்கும் கீழே, எறும்பு வரிசை போல:
வேலை போகப்போவது கையொப்பமிடும்போதே
வாடிக்கையாளருக்குத் தெரிந்திருந்தால்
பணம் கிடைக்காது.

அதை இரண்டு முறை படித்தேன்.
நான் வாய் திறந்தால் அவளுக்கு அது நஷ்டம்.
எனக்கு எவ்வளவு வசதியான நஷ்டம்.

பிறகு எங்கள் பத்தொன்பது பக்கத்தின் நான்காம் பிரிவு,
இரண்டாம் உட்பிரிவு:
நேரடியாகவோ மறைமுகமாகவோ,
சொல்லாலோ குறிப்பாலோ.
குறிப்பு என்றால் எது வரைக்கும் குறிப்பு?
இருமல்? ஒரு பேனாவின் அசைவு?

கட்டத்தில் டிக் போட்டேன்.
"இதையும் சேர்த்துக்கோ. மாசம் நாற்பது ராண்ட்தான்."
"எதுக்குக்கா?"
"சும்மா. எல்லாருக்கும் சொல்றதுதான்."
இதுவரை யாருக்கும் சொன்னதில்லை.

கோகிலம் என்னைப் பார்த்தாள்.
ஊசி கோக்கும்போது பார்ப்பாளே, அப்படி, ஒரு கண்ணைச் சுருக்கி.
கேட்பாள் என்று காத்திருந்தேன்.
என்ன சொல்லியிருப்பேனோ.

"பேனாவை மூடு," என்றாள்,
மேசை விரிப்பைக் கொஞ்சம் இழுத்துக்கொண்டே.
"மை கசியுது."