சுழியை மூடாத கை

செவ்வாய்தோறும் மாலை ஏழு மணிக்கு
வ்லோரா துறைமுகத்தை ஒட்டிய தெருவில்
டயர்க் கடைக்கு மேல்மாடியில்
எங்களுக்கு ஆங்கில வகுப்பு.
பாடம் பதினொன்று: முதலீடு.
ரப்பர் வாசனை படியேறி வந்து
கடைசி வரிசையில் உட்கார்ந்துகொள்ளும்.

என்கெலா டீச்சருக்கு இருபத்தாறு வயது.
பலகையில் எழுதுகிறாள்: ஈல்டு.
வயலில் என்றால் விளைச்சல்,
சாலையில் என்றால் வழிவிடு,
வங்கியில் என்றால் வருமானம்.
"ஒரு சொல்லுக்கு மூன்று வேலையா,
இத்தாலிக்குப் போன என் மச்சான் மாதிரி"
என்றாள் சுங்க அலுவலக லும்தூரி.

லிக்விட் என்றால்
கூப்பிட்டதும் ஓடி வருகிற பணம்.
கூப்பிடக் கூப்பிட ஓடிப்போன பணத்துக்கு
என்ன சொல் என்று கேட்டார் பர்தில்.
டீச்சர் அகராதியைப் புரட்டினாள்.

பங்குக்கு எங்கள் மொழியில் அக்சியோன்.
அந்தச் சொல் காதில் விழுந்தால்
எனக்கு இன்னும் உள்ளங்கை காய்க்கிறது.
பதினேழு வயதில் அக்சியோன் என்றால்
மண்வெட்டியோடு லாரியில் ஏற்றிப்போய்
மலையைப் படிபடியாய் வெட்டச் சொல்வது.
கூலி கிடையாது. பாட்டு உண்டு.
பன்னிரண்டு வருஷம் கழித்து
அதே சொல் கோட்டு மாட்டிக்கொண்டு வந்தது.

பர்தில் என் பக்கத்து நாற்காலி.
கடற்படையில் நீர்மூழ்கி மெக்கானிக்.
டொரொன்டோ மகள் இவர் பேரில் தொடங்கிய கணக்குக்கு
ஆங்கிலத்தில் கடிதம் வருகிறதாம்.
"இந்தத் தடவை
பொடி எழுத்தையும் நானே படிப்பேன்" என்பார்.

நான் ஏன் வருகிறேன் என்று யாரும் கேட்கவில்லை.
கேட்டால் சொல்ல ஒரு பொய் வைத்திருக்கிறேன்.

தொண்ணூற்றாறில், கடற்கரைச் சாலையில்,
அந்தக் கண்ணாடி ஜன்னலுக்குப் பின்னால் இருந்தவள் நான்.
மாதம் எட்டு சதவீதம்.
வீட்டை விற்று வந்தார்கள்.
ஆட்டை விற்று, ரோமம் ஒட்டிய நோட்டோடு வந்தார்கள்.
கிரீஸில் ஆரஞ்சு பறித்த காசை
உள்பாவாடையில் தைத்து எடுத்து வந்து
என் முன்னாலேயே தையல் பிரித்தார்கள்.
எண்ணினேன், எழுதினேன், முத்திரை குத்தினேன்.
ஏமாற்ற யாரும் எனக்குச் சொல்லித்தரவில்லை,
கூட்டல் மட்டும்தான்.
என் பணமும் அதே பெட்டியில்தான் கிடந்தது.
அதைச் சாக்காகச் சொல்லவில்லை.

ஜனவரியில் ஜன்னலை உடைத்தார்கள்.
பின்வாசல் வழியாக ஓடினேன்.
கையில் முத்திரை இருந்தது தெரியாமல்
பாலம்வரை ஓடினேன்.

இன்று ஜோடிப் பயிற்சி.
நான் ஆலோசகர், பர்தில் வாடிக்கையாளர்.
டீச்சர் கொடுத்த சீட்டை
எழுத்துக் கூட்டி ஆங்கிலத்தில் படித்தேன்:
"வருமானத்துக்கு உத்தரவாதம் இல்லை.
போட்ட முதல் முழுவதும் போகலாம்."

இருபத்தெட்டு வருஷத் தாமதம்.
அதுவும் அந்நிய பாஷையில்.
உச்சரிப்பில் இரண்டு பிழை.

"நன்றி, யோசித்துச் சொல்கிறேன்."
அது அவர் சீட்டில் இருந்தது.
பிறகு என் நோட்டைப் பார்த்தார்.
கணக்குக்காக நான் எழுதியிருந்த
நான்கு லட்சத்தைப் பார்த்தார்.
எங்கள் மொழிக்குத் திரும்பி, தணிந்து,
"நீங்கள் சுழியை மேலே மூடுவதில்லை" என்றார்.

பள்ளிக்கூடத்திலிருந்தே அப்படித்தான் என்றேன்.
"தெரியும். என்னிடம் ஐந்து இருக்கிறது.
ஒரே ரசீதில்."

கீழே யாரோ டயருக்குக் காற்றடிக்கும் சத்தம்,
நின்று, மறுபடி தொடங்கி.

டீச்சர் கைதட்டினாள்:
"இப்போது இடம் மாறுங்கள்."
சீட்டுகளை மாற்றிக்கொண்டோம்.
கண்ணாடியைச் சட்டையில் துடைத்து மாட்டி
ஒவ்வொரு சொல்லாக அவர் படித்தார்:
"உங்களால் எவ்வளவு இழக்க முடியும்?"

என் சீட்டில் அதற்கு நேரே
வெறும் புள்ளிக்கோடு.